ஈர்ப்புச் சரிவும் நிகழ்வெல்லையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுச் சார்பியலைப் படிக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறோம். விளக்கங்களில் முடிந்தவரை ஒரே உதாரணம் வரும்: 10 சூரிய நிறை கொண்ட பொருள். கருந்துளையை ஒட்டிய நீளங்களும் நேரங்களும் நிறைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்பதால், வேறு நிறைக்கான எண்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

1. இத்தனை கோடி ஆண்டு தாங்கி நின்ற விண்மீன் ஏன் திடீரென்று சரிகிறது?

அணுக்கரு எரிதல் நடக்கும்வரை வெப்ப அழுத்தம் விண்மீனின் எடையைத் தாங்கும். பெரிய விண்மீன்களில் இந்த எரிதல் இரும்பு வரை வந்து நின்றுவிடும், ஏனென்றால் இரும்பைப் பிணைத்து ஆற்றல் எடுக்க முடியாது. அதன்பின் கருவகத்தைத் தாங்குவது எலக்ட்ரான்களின் சிதைநிலை அழுத்தம், அதாவது ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் நெருக்கியடிக்க முடியாததால் வரும் எதிர்ப்பு. கருவகம் கனக்கக் கனக்க எலக்ட்ரான்களின் வேகம் ஒளிவேகத்தை நெருங்குகிறது. அந்த நிலையில் அழுத்தம் அடர்த்தியின் 4/3 அடுக்காக மட்டுமே ஏறும். சுருங்கும் கோளத்தைத் தாங்கத் தேவைப்படும் அழுத்தமும் அதே 4/3 அடுக்கில்தான் ஏறுகிறது. எனவே எவ்வளவு சுருங்கினாலும் கூடுதல் பிடிமானம் கிடைக்காது. சந்திரசேகர் எல்லை, அதாவது சுமார் 1.4 சூரிய நிறை, இங்கிருந்துதான் வருகிறது.

சரிவைத் தொடங்கி வைப்பவை இரண்டு. வெப்பநிலை நூறு கோடி கெல்வினைப் பல மடங்கு தாண்டும்போது ஃபோட்டான்கள் இரும்புக் கருக்களை உடைத்து வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. புரோட்டான்கள் எலக்ட்ரான்களைப் பிடித்து நியூட்ரான்களாக மாறுவதால், தாங்கிக்கொண்டிருந்த எலக்ட்ரான்களே குறைந்துபோகின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள கருவகம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அணுக்கரு அடர்த்திக்கு வந்துவிடும். அங்கே பொருள் விறைத்து ஒரு துள்ளல் எழுகிறது. அந்த அதிர்ச்சியலை மேலடுக்குகளை வீசியெறிந்தால் நியூட்ரான் விண்மீன் மிஞ்சும். அலை தளர்ந்து, மேலிருந்து பொருள் விழுந்துகொண்டே இருந்தால் நியூட்ரான் விண்மீனும் தன் எல்லையைத் தாண்டிவிடும். சுமார் 2.1 சூரிய நிறை கொண்ட நியூட்ரான் விண்மீன் கண்டறியப்பட்டிருப்பதால் அந்த எல்லை அதற்குக் கீழே இருக்க வழியில்லை.

2. நியூட்ரான்களைவிட விறைப்பான ஏதோ ஒரு பொருள் இருந்தால் சரிவு நின்றுவிடாதா?

நிற்காது. நியூட்டனின் ஈர்ப்புக்கும் பொதுச் சார்பியலுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பொதுச் சார்பியலில் அழுத்தமும் ஈர்க்கும். எடையைத் தாங்க அழுத்தத்தை ஏற்றினால், அந்த அழுத்தமே எடையையும் கூட்டுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் அழுத்தத்தை ஏற்ற ஏற்றத் தோல்விதான் விரைவாகும்.

பூக்டால் 1959இல் இதற்கு ஓர் எல்லை போட்டார். அடர்த்தி மையத்திலிருந்து வெளிநோக்கி ஏறாத, அசையாமல் நிற்கும் எந்தக் கோளமும் தன் ஷ்வார்ஸ்சில்ட் ஆரத்தின் (அந்த நிறை கருந்துளையாகும் ஆரம், அடுத்த கேள்வியில் வருகிறது) 9/8 மடங்கைவிடச் சிறியதாக இருக்க முடியாது. அந்த அளவை நெருங்கினாலே, அமுக்கவே முடியாத பொருளுக்குக்கூட மைய அழுத்தம் முடிவிலியாகிவிடும். நம் 10 சூரிய நிறைக்கு அது சுமார் 33 கி.மீ. அதற்குக் கீழே போன கோளம் அசையாமல் நிற்காது. பொருள் எதனால் ஆனது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

3. ஷ்வார்ஸ்சில்ட் ஆரத்தை எப்படிக் கணக்கிடுவது?

நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, அதை இரட்டித்து, ஒளிவேகத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். மனதில் வைத்துக்கொள்ள ஒரே எண் போதும்: ஒரு சூரிய நிறைக்கு 2.95 கி.மீ. எனவே 10 சூரிய நிறைக்கு 29.5 கி.மீ. பூமிக்கு ஏறத்தாழ 9 மி.மீ.

இந்த 'ஆரம்' மையத்திலிருந்து அளவுகோல் வைத்து அளந்த தூரம் அல்ல. கோளப் பரப்பின் சுற்றளவை அளந்து 2π-ஆல் வகுத்தால் வரும் எண் அது. காலவெளி வளைந்திருக்கும்போது இரண்டும் ஒன்றாக இருக்காது. பின்னால் வரும் பல குழப்பங்கள் இதை மறப்பதால் வருபவை.

4. கருந்துளை ஆக வேண்டுமென்றால் பொருளை நம்பமுடியாத அளவுக்கு நசுக்க வேண்டும், இல்லையா?

நிறை குறைவாக இருந்தால்தான் அப்படி. ஆரம் நிறைக்கு நேர்விகிதம் என்பதால், 'நிறை ÷ ஆரத்தின் மும்மடி' என்ற கணக்கில் தேவையான சராசரி அடர்த்தி நிறையின் இருமடிக்கு எதிர்விகிதமாகக் குறையும். ஒரு சூரிய நிறைக்கு அது கன மீட்டருக்கு 1.8 × 10¹⁹ கிலோ. அணுக்கரு அடர்த்தியைப்போல் பல பத்து மடங்கு. 10 சூரிய நிறைக்கு 1.8 × 10¹⁷ கிலோ, கிட்டத்தட்ட அணுக்கரு அடர்த்தியேதான்.

சுமார் 14 கோடி சூரிய நிறைக்குத் தண்ணீரின் அடர்த்தி போதும். எம்87 விண்மீன்திரளின் மையத்தில் உள்ள 650 கோடி சூரிய நிறைக்குக் கன மீட்டருக்கு அரை கிலோகூடத் தேவையில்லை. நாம் மூச்சுவிடும் காற்று அதைவிட அடர்த்தி. ஆகவே 'அந்த அடர்த்தியில் இயற்பியல் விதிகள் எப்படி இருக்குமோ, யார் கண்டார்' என்று சொல்லி நிகழ்வெல்லை (எதுவும் திரும்பி வர முடியாத எல்லை) உருவாவதை மறுக்க முடியாது.

5. நிகழ்வெல்லை என்பது ஏதாவது பரப்பா? தொட்டால் தெரியுமா?

தெரியாது. அங்கே பொருளும் இல்லை, சுவரும் இல்லை. நிகழ்வெல்லை என்பது நிகழ்வுகளைப் பிரிக்கும் கோடு. ஒரு நிகழ்விலிருந்து கிளம்பும் ஒளி, எவ்வளவு காலம் ஆனாலும், முடிவிலாத் தொலைவுக்குப் போய்ச்சேர முடியுமானால் அது எல்லைக்கு வெளியே, முடியாதென்றால் உள்ளே. இரண்டுக்கும் நடுவே, வெளியேறவும் முடியாமல் உள்ளே விழவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒளிக்கதிர்களால் நெய்யப்பட்டதுதான் எல்லை.

இந்த வரையறையில் 'எவ்வளவு காலம் ஆனாலும்' என்ற சொற்கள் முக்கியம். இன்றைய நிலவரத்தை மட்டும் வைத்து எல்லையை அடையாளம் காண முடியாது, இனி நடக்கப்போவதும் கணக்கில் சேரும். அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை.

6. சரியும் விண்மீனில் எல்லை முதலில் எங்கே தோன்றும்? பரப்பிலா, மையத்திலா?

மையத்தில். மேற்பரப்பு 29.5 கி.மீ.க்குச் சுருங்கிய கணத்தில் எல்லை 'பட்டென்று' பரப்பில் தோன்றுகிறது என்ற படம் பலர் மனதில் இருக்கிறது. அது தவறு.

ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939இல் தீர்த்த கணக்கை எடுத்துக்கொள்வோம்: எங்கும் ஒரே அடர்த்தி கொண்ட, அழுத்தமே இல்லாத தூசிக் கோளம். கல்கத்தாவைச் சேர்ந்த பி. தத் ஓராண்டு முன்பே இதற்கு நெருங்கிய தீர்வுகளை வெளியிட்டிருந்தார். கோளம் வெகுதொலைவில் ஓய்விலிருந்து விழத் தொடங்கியதாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும். வெளியே ஷ்வார்ஸ்சில்ட் காலவெளி. உள்ளே, சுருங்கும் பிரபஞ்சத்துக்கு எழுதும் அதே சமன்பாடு. முதலில் மேற்பரப்பு 29.5 கி.மீ.யைத் தொடும் நிகழ்வைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிகழ்வை வெளிநோக்கிக் கடக்கும் ஒளிக்கதிரைப் பின்னோக்கி, கோளத்துக்குள்ளே தொடர்ந்து போங்கள். அது மையத்தைத் தொடும் நேரம்தான் எல்லை பிறந்த நேரம்.

கணக்குப் போட்டால், மேற்பரப்பு ஷ்வார்ஸ்சில்ட் ஆரத்தைப்போல் சரியாக 2.25 மடங்கு இருக்கும்போது எல்லை மையத்தில் ஒரு புள்ளியாகப் பிறக்கிறது. நம் கோளத்துக்கு அது சுமார் 66 கி.மீ. அங்கிருந்து எல்லை ஒளிவேகத்தில் விரிய, மேற்பரப்பு உள்ளே விழ, தூசியின் கடிகாரப்படி 156 மைக்ரோநொடி கழித்து இரண்டும் 29.5 கி.மீ.யில் சந்திக்கின்றன. அதற்குப் பின் எல்லை அதே அளவில் நின்றுவிடும். மேலும் 66 மைக்ரோநொடியில் தூசி முழுவதும் ஒருமைக்குள், அதாவது அடர்த்தி முடிவிலியாகும் முடிவுப்புள்ளிக்குள், போய்விடும். கோளம் குறிப்பிட்ட ஆரத்திலிருந்து விழத் தொடங்கியிருந்தால் எண்கள் சற்று மாறும். மையத்தில் பிறந்து வெளியே விரிகிறது என்பது மாறாது.

7. எல்லை பிறக்கும்போது மையத்தில் ஒருவர் இருந்தால் அவருக்கு ஏதாவது தெரியுமா?

எதுவுமே தெரியாது. இதைத் தெளிவாகக் காட்ட தூசிக் கோளத்தைவிட நல்ல உதாரணம், உள்ளே விழும் ஒளிக் கூடு. ஒளி வீசும் விண்மீனுக்குப் பிரகலாத் சுன்னிலால் வைத்யா கண்ட தீர்வை உள்நோக்கிய கதிர்வீச்சுக்குத் திருப்பினால் இந்தக் கணக்கு கிடைக்கும். 10 சூரிய நிறைக்குச் சமமான ஆற்றல் கொண்ட மெல்லிய ஒளிக் கூடு எல்லாப் பக்கமிருந்தும் மையத்தை நோக்கி வருகிறது. கூட்டுக்குள்ளே காலவெளி முற்றிலும் தட்டை: ஈர்ப்பு இல்லை, ஓத விசை (உடலின் இரு முனைகளையும் வெவ்வேறு அளவில் இழுக்கும் ஈர்ப்பு வேறுபாடு) இல்லை.

கூடு 59 கி.மீ.யில் இருக்கும்போது மையத்தில் எல்லை பிறந்துவிடுகிறது. மையத்தில் இருப்பவர் அந்தக் கணத்தில் எந்த அளவீடு செய்தாலும் வெற்று வெளி என்றே பதில் வரும். கூடு ஒளிவேகத்தில் வருவதால் அதைப் பற்றிய முன்செய்தியும் வராது. கூடு அவரை வந்தடைய இன்னும் 197 மைக்ரோநொடி இருக்கிறது. ஆனால் அவர் அக்கணத்திலேயே தப்பிக்கும் வாய்ப்பை இழந்துவிட்டார்.

8. அப்படியானால் எதிர்காலம் நிகழ்காலத்தைப் பாதிக்கிறது என்று ஆகாதா?

ஆகாது. எல்லை எந்தப் பொருளையும் தள்ளுவதோ இழுப்பதோ இல்லை. 'இந்த இடத்திலிருந்து தப்ப முடிந்ததா?' என்று முழு வரலாற்றையும் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விக்கான பதில் அது. பதில் எதிர்காலத்தைப் பொறுத்தது, இயக்கம் அல்ல. எல்லா இயக்கமும் வழக்கம்போல் முன்காலத்திலிருந்து பின்காலத்துக்கே போகிறது.

9. முழு எதிர்காலமும் தெரிந்தால்தான் எல்லை தெரியும் என்றால், கணினியில் உருவகப்படுத்துவோர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உருவகம் ஓடும்போது அவர்கள் தேடுவது வேறொன்றை: தோற்ற எல்லை. ஒரு மூடிய பரப்பை எடுத்துக்கொண்டு அதிலிருந்து வெளிநோக்கியும் உள்நோக்கியும் ஒரே கணத்தில் ஒளியை விடுங்கள். சாதாரண இடத்தில் வெளிநோக்கிய ஒளிமுகப்பின் பரப்பளவு கூடும், உள்நோக்கியதன் பரப்பளவு குறையும். இரண்டுமே குறைந்தால் அது சிறைப்பட்ட பரப்பு. வெளிநோக்கிய ஒளியின் பரப்பளவு கூடவும் இல்லை குறையவும் இல்லை என்ற நிலையில் உள்ள வெளிப்புறப் பரப்பே தோற்ற எல்லை. ஒரு கணத்தின் தரவு போதும், எதிர்காலம் வேண்டாம். ஆற்றல் எதிர்மறையாகாத, ஒருமை வெளியே தெரியாத சூழலில் தோற்ற எல்லை எப்போதும் நிகழ்வெல்லைக்கு உள்ளேதான் இருக்கும். ஆகவே அதைக் கண்டால் கருந்துளை உறுதி.

செய்முறையில் சிக்கல்கள் உண்டு. பரப்பின் வடிவத்தை ஊகித்து, சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் திருத்தித் தீர்க்க வேண்டும். ஊகம் மோசமானால் தீர்வு குவியாது, அல்லது உள்ளே இருக்கும் வேறொரு பரப்பில் போய் நிற்கும். இரண்டு கருந்துளைகள் இணையும்போது இரண்டையும் சூழ்ந்த பொதுவான தோற்ற எல்லை ஒரு கணத்தில் திடீரெனத் தோன்றும். அது கணினிப் பிழை அல்ல. நிகழ்வெல்லை மட்டும் தொடர்ச்சியாகவே வளர்ந்து இணையும். இன்னொரு எச்சரிக்கை: தோற்ற எல்லை, காலவெளியை எப்படிக் கணங்களாக நறுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஷ்வார்ஸ்சில்ட் காலவெளியையே, ஒருமையை நெருங்கியும் சிறைப்பட்ட பரப்பு ஒன்றுகூடத் தென்படாதபடி நறுக்க முடியும் என்று வால்டும் ஐயரும் 1991இல் காட்டினார்கள். ஆகவே 'தோற்ற எல்லை கிடைக்கவில்லை, எனவே கருந்துளை இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

நிகழ்வெல்லையே வேண்டுமென்றால், உருவகம் முடிந்து கருந்துளை அமைதியான பிறகு சேமித்த தரவில் ஒளிப்பரப்பைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். முன்னோக்கி ஓட்டினால் சிறு பிழையும் அடுக்குக்குறி வேகத்தில் பெருகிக் கதிர் எல்லையை விட்டு விலகிவிடும். பின்னோக்கி ஓட்டும்போது அதே காரணத்தால் எல்லாக் கதிர்களும் எல்லையை நோக்கிக் குவிகின்றன. தொடக்க ஊகம் துல்லியமாக இல்லாவிட்டாலும் விடை சரியாக வரும்.

6-ஆம் கேள்வியின் தூசிக் கோளத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தூசியின் கடிகாரப்படி நறுக்கினால், நிகழ்வெல்லை மையத்தில் பிறந்து வெளியே போகிறது. பரப்பளவு கூடாமல் நிற்கும் அந்தப் பரப்போ மேற்பரப்பு 29.5 கி.மீ.யைத் தொடும்போது அங்கே தோன்றி, தூசிக்குள் உள்நோக்கிப் போய் ஒருமை உண்டாகும் கணத்தில் மையத்தை அடைகிறது. முன்னர் சொன்ன 'பரப்பில் தோன்றும் எல்லை' என்ற படம் உண்மையில் இதனுடையது.

10. ஷ்வார்ஸ்சில்ட் சமன்பாட்டில் அந்த ஆரத்தில் முடிவிலி வருகிறதே. அங்கே ஏதோ உடைகிறது என்றுதானே பொருள்?

உடைவது நாம் தேர்ந்த ஆயங்கள் (இடத்தையும் நேரத்தையும் குறிக்க நாம் இடும் எண்கள்) மட்டுமே. உலக வரைபடத்தில் துருவத்தில் எல்லாத் தீர்க்கரேகைகளும் ஒன்றுசேர்வதால் நிலம் அங்கே கிழிந்திருப்பதாக ஆகாது. சோதிக்க வழி, ஆயங்களைச் சாராத வளைமை அளவைக் கணக்கிடுவது. ஷ்வார்ஸ்சில்ட் காலவெளியில் அது நிறையின் இருமடியை ஆரத்தின் ஆறாம் அடுக்கால் வகுத்தது போல மாறும். 29.5 கி.மீ.யில் முடிவுள்ள எண்தான் வரும். ஆரம் சுழியாகும்போது மட்டுமே முடிவிலி.

வரலாறு இதில் மெதுவாக நகர்ந்தது. எடிங்டன் 1924இலேயே சரியான ஆயங்களை எழுதினார், ஆனால் எல்லை பற்றி எதுவும் சொல்லவில்லை. லெமெய்த்ர 1933இல் அந்த முடிவிலி போலி என்று நேரடியாகச் சொன்னார். அது பரவலாக ஏற்கப்பட்டது ஃபிங்கெல்ஸ்டைன் 1958இல் எல்லையை ஒருவழிப் பாதை என்று விளக்கிய பிறகு. 1960இல் க்ருஸ்கலின் ஆயங்கள் முழுக் காலவெளியையும் ஒரே படத்தில் அடக்கின.

11. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விண்மீன் எல்லையைத் தொட முடிவிலாக் காலம் ஆகும் என்கிறார்கள். அப்படியென்றால் கருந்துளை எதுவும் இன்னும் உருவாகவே இல்லையே?

மிக அதிகமாக வரும் கேள்வி இது, கேட்பது நியாயமும்கூட. இதில் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் கலந்திருக்கின்றன. முதலாவது, 'கடக்கும் காட்சி என் கண்ணுக்கு வந்துசேராது.' இது உண்மை, எல்லையின் வரையறையே அதுதான். இரண்டாவது, 'ஆகவே கடக்கவில்லை.' இது முதலாவதிலிருந்து வராது. ஒரு நிகழ்விலிருந்து எனக்கு ஒளி வரவில்லை என்பதால் அந்த நிகழ்வு இல்லை என்று ஆகிவிடாது.

'ஷ்வார்ஸ்சில்ட் நேரம் முடிவிலி ஆகிறதே' என்ற வாதம் 10-ஆம் கேள்விக்கே திரும்புகிறது. தொலைவில் நடப்பதற்கு 'இப்போது' என்று முத்திரை குத்தும் வழி ஒன்று மட்டுமல்ல. ஷ்வார்ஸ்சில்ட் நேரம் எல்லையில் உடையும் முத்திரை. உள்ளே விழுபவரின் கடிகாரத்தை ஒட்டி அமைத்த முத்திரைகளில், தொலைவில் இருப்பவரின் கடிகாரத்தில் முடிவுள்ள ஒரு நேரத்துக்கு இணையாகவே கடத்தல் நிகழ்கிறது.

முத்திரையைச் சாராத கூற்றும் உண்டு, வாதம் நீண்டால் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியில் இருப்பவரின் கடிகாரத்தில் திட்டவட்டமான ஒரு கணம் இருக்கிறது. அதற்குமுன் அவர் அனுப்பும் ஒளிச் சைகை, விண்மீனின் பரப்பு எல்லையைக் கடக்கும்முன் அதை எட்டும். அதற்குப்பின் அனுப்புவது எட்டாது. பரப்பு ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். அந்தக் கணத்துக்குப் பிறகு வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்து சரிவைத் தடுக்க முடியாது. 'கருந்துளை உருவாகிவிட்டது' என்பதற்கு இதைவிடத் தெளிவான செயல்முறைப் பொருள் தேவையில்லை.

12. சரி, அந்தக் கடைசிக் காட்சி எல்லையில் உறைந்தபடி என்றென்றும் தெரியுமா?

'உறைந்த விண்மீன்' என்ற பழைய பெயர் கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பு இது. காட்சி உறைவதைவிட வேகமாக மங்குகிறது. செம்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் நீள்வது), நிறையை நேரமாக மாற்றிய அளவின் (ஈர்ப்பு மாறிலி × நிறை ÷ ஒளிவேகத்தின் மும்மடி) 4 மடங்குக்கு ஒருமுறை 2.7 மடங்காகப் பெருகும். 10 சூரிய நிறைக்கு அது 197 மைக்ரோநொடி. மொத்த ஒளிர்வு சுமார் 256 மைக்ரோநொடிக்கு ஒருமுறை 2.7 மடங்கு குறையும். இரண்டு எண்ணும் வேறாக இருப்பதற்குக் காரணம், விண்மீன் விழுந்த பிறகும் ஷ்வார்ஸ்சில்ட் ஆரத்தின் ஒன்றரை மடங்குத் தொலைவில் சுற்றிக்கொண்டிருந்த ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதுதான்.

நூறில் ஒரு பங்கு நொடியில் ஒளிர்வு 10¹⁶ மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். ஒளி ஃபோட்டான்களாகத்தான் வருகிறது என்பதால் எண்ணிக்கையும் முடிவுள்ளது. பத்தில் ஒரு நொடிக்குள் கடைசி ஃபோட்டானும் வந்து முடிந்துவிடும். அதன்பின் இருட்டு.

13. எல்லையைக் கடக்கும்போது உடல் கிழிந்துவிடுமா?

நிறையைப் பொறுத்தது. 10 சூரிய நிறைக்கு எல்லையில் தலைக்கும் காலுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு சுமார் 10 கோடி மீ/நொடி² வேறுபாடு. எல்லையை நெருங்கும் முன்பே எதுவும் மிஞ்சாது. நம் பால்வழியின் மையக் கருந்துளைக்கு (சுமார் 43 லட்சம் சூரிய நிறை) அது 0.0006 மீ/நொடி²-க்கும் குறைவு. கடந்ததே தெரியாது.

14. உள்ளே போனபின் ராக்கெட்டை முழுவேகத்தில் இயக்கினால் ஒருமையைத் தள்ளிப்போடலாமா?

ஓர் உச்சவரம்பு வரைதான். எல்லைக்கு உள்ளே ஆரம் குறைவது இடத்தில் நகர்வது அல்ல, காலத்தில் முன்னே போவது. நாளை வருவதை ராக்கெட்டால் தடுக்க முடியாததைப்போலவே அதையும் தடுக்க முடியாது. சுழலாத கருந்துளையில் அதிகபட்ச நேரம் 10 சூரிய நிறைக்கு 155 மைக்ரோநொடி, பால்வழி மையத்துக்கு சுமார் 67 நொடி, எம்87-க்கு 28 மணி நேரம். எல்லையருகே நின்று மெதுவாக விழுந்தவருக்கே இந்த உச்சம் கிடைக்கும். அப்படி விழுபவர் பதற்றத்தில் ராக்கெட்டை எந்தப் பக்கம் இயக்கினாலும் நேரம் குறையத்தான் செய்யும்.

15. இதெல்லாம் சரியான கோளத்துக்குப் போட்ட கணக்கு. உண்மையான விண்மீன் கோணல்மாணலாக இருந்தால், பொருள் மையத்தைத் தவறவிட்டு மறுபக்கம் வெளியே வந்துவிடாதா?

1960களின் தொடக்கத்தில் வல்லுநர்களே இப்படித்தான் நினைத்தார்கள். லிஃப்ஷிட்ஸும் கலாட்னிக்கோவும் 1963இல் பொதுவான சரிவில் ஒருமை வராது என்று வாதிட்டார்கள். 1965இல் பென்ரோஸ் அதை மாற்றினார். சிறைப்பட்ட பரப்பு ஒன்று உருவாகிவிட்டால், பொருளின் ஆற்றல் எதிர்மறையாக இல்லாதவரை, சமச்சீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில ஒளிப்பாதைகள் முடிவுள்ள தூரத்தில் அறுந்துபோயே தீரும். லிஃப்ஷிட்ஸும் கலாட்னிக்கோவும் பின்னர் பெலின்ஸ்கியுடன் சேர்ந்து தங்கள் முடிவைத் திருத்திக்கொண்டார்கள்.

நிறுவலின் முதுகெலும்பு, அமல் குமார் ராய்சௌத்ரி 1955இல் வெளியிட்ட சமன்பாடு. பொருள் ஈர்க்கும்வரை, குவியத் தொடங்கிய பாதைக் கற்றை முடிவுள்ள தூரத்தில் குவிந்தே தீரும் என்று அது சொல்கிறது. சிறைப்பட்ட பரப்பில் ஒளி இரு பக்கமும் குவியத் தொடங்கிவிடுகிறது. மேடுபள்ளங்கள் அதை மாற்ற முடிவதில்லை, ஏனென்றால் அவற்றால் பாதைக் கற்றையில் உண்டாகும் நெளிவும் சமன்பாட்டில் குவிவைக் கூட்டும் பக்கமே சேர்கிறது. தேற்றம் சொல்லாதவற்றையும் கவனியுங்கள்: வளைமை முடிவிலியாகிறது என்று அது சொல்லவில்லை, ஒருமை எல்லைக்குள் மறைந்திருக்கும் என்றும் சொல்லவில்லை. பாதைகள் அறுகின்றன என்பது மட்டுமே நிறுவப்பட்டது.

வெளியே கோணல்மாணல் என்ன ஆகும்? ஈர்ப்பலைகளாக, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வுகளாக, வெளியேறிவிடும். சுழலாத 10 சூரிய நிறைக் கருந்துளை சுமார் 1200 ஹெர்ட்ஸில் அதிரும். அதிர்வின் வீச்சு 0.55 மில்லிநொடிக்கு ஒருமுறை 2.7 மடங்கு குறையும். சில மில்லிநொடிகளில் நிறையும் சுழற்சியும் (இருந்தால் மின்னூட்டமும்) தவிர வேறெந்த அடையாளமும் மிஞ்சாது.

16. விண்மீன் மிக வேகமாகச் சுழன்றால் எல்லை உருவாகாமல் போகுமா?

போகலாம். கெர் 1963இல் கண்ட தீர்வின்படி, கோண உந்தம் (சுழற்சியின் அளவு) 'ஈர்ப்பு மாறிலி × நிறையின் இருமடி ÷ ஒளிவேகம்' என்ற அளவைத் தாண்டினால் எல்லையே இருக்காது. சூரியன் இந்த அளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். பூமியோ இதைப்போல் 700 மடங்குக்கும் மேல். பூமியை இப்படியே நசுக்கிக் கருந்துளை ஆக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவுக்கு மீறிய சுழற்சி கொண்ட கருவகம் முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே விழாது. நடுப்பகுதி கருந்துளையாகும், மீதி சுற்றும் தட்டாகிக் கோண உந்தத்தை வெளிப்பக்கம் கடத்தியபின் மெதுவாக உள்ளே போகும். சில காமாக்கதிர் வெடிப்புகளுக்கு இத்தகைய தட்டே காரணம் என்று கருதப்படுகிறது.

17. எல்லையால் மூடப்படாத ஒருமை உருவாகவே முடியாதா?

முடியாது என்பது பென்ரோஸ் 1969இல் முன்வைத்த ஊகம். பொதுவான வடிவில் இன்னும் நிறுவப்படவில்லை. 6-ஆம் கேள்வியின் தூசிக் கோளத்தில் அடர்த்தி சீராக இருந்ததால் எல்லை முந்திக்கொண்டது. நடுவில் அடர்த்தியும் ஓரத்தில் இளக்கமுமாகத் தொடங்கினால் மையம் முதலில் நொறுங்கிவிடும், வெளியடுக்குகள் சிறைப்பரப்பை உண்டாக்கும் அளவு நெருங்கியிருக்காது. அர்ட்லியும் ஸ்மாரும் 1979இல் இதைக் கணினிக் கணக்கில் கண்டார்கள், கிறிஸ்டடூலூ 1984இல் நிறுவினார். தூசிக்கு அழுத்தம் இல்லாததால் வந்த செயற்கை விளைவு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அழுத்தம் உள்ள பொருள்களிலும் இத்தகைய தீர்வுகள் வருவதை பங்கஜ் ஜோஷியும் உடன் பணியாற்றியவர்களும் காட்டியிருக்கிறார்கள். தொடக்க நிலையைச் சற்றே கலைத்தால் அவை நிலைக்குமா என்பதே இன்றைய கேள்வி.

சாப்டுயிக் 1993இல் கண்டது இன்னும் வியப்பானது. நிறையற்ற அளவன் புல அலையை (ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஓர் எண்ணால் குறிக்கப்படும் எளிய புலத்தின் அலை) கணினிக் கணக்கில் மையத்தை நோக்கி அனுப்பி, அதன் வலிமையை ஒரு திருகைத் திருப்புவதுபோல் நுணுக்கமாக மாற்றிப் பார்த்தார். வலிமை குறைவென்றால் அலை சிதறிப்போகும், அதிகமென்றால் கருந்துளை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வரம்பை நெருங்க நெருங்கக் கருந்துளையின் நிறை சுழியை நோக்கிக் குறைகிறது, வரம்பிலிருந்து விலகியதன் 0.37 அடுக்காக. சரியாக வரம்பில் புலம் அதே வடிவத்தை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 30 மடங்கு சிறிய அளவில் திரும்பக் காட்டுகிறது, முடிவில் மூடப்படாத ஒருமை. எல்லையற்ற துல்லியத்தில் சரிசெய்தால் மட்டுமே அது வரும் என்பதால் ஊகம் 'பொதுவாக' என்ற சொல்லோடு தப்பித்தது. மூடப்படாத ஒருமை உருவாகாது என்று ஹாக்கிங் 1991இல் பிரெஸ்கில், தார்ன் இருவரோடும் கட்டிய பந்தயத்தில் 1997இல் தோல்வியை ஏற்றதும் இந்த முடிவால்தான்.

18. ஹாக்கிங் கதிர்வீச்சால் கருந்துளை ஆவியாகும் என்றால், பொருள் எல்லையைக் கடக்கும் முன்பே எல்லாம் ஆவியாகிவிடாதா?

ஹாக்கிங் கதிர்வீச்சு என்பது குவாண்டம் விளைவால் கருந்துளை மிக மெதுவாக வெளிவிடும் வெப்பக் கதிர்வீச்சு. 11-ஆம் கேள்வியின் குழப்பம் இங்கே வேறு உடையில் வருகிறது. 'வெளியே முடிவிலாக் காலம் ஆகிறது, ஆவியாதலுக்கோ முடிவுள்ள காலம் போதும், எனவே ஆவியாதல் முந்தும்' என்பது வாதம். ஷ்வார்ஸ்சில்ட் நேரம் முடிவிலி ஆவது நிரந்தரமான கருந்துளைக்கு மட்டுமே. ஆவியாகும் கருந்துளையில், விழுந்தவர் எல்லையைக் கடந்த காட்சியைச் சுமந்த ஒளியும் ஆவியாதலின் கடைசி மின்னலும் வெளியே இருப்பவரை ஒன்றாக வந்தடையும். காட்சி தாமதமாக வருகிறது, கடத்தல் தாமதமாகவில்லை. விழுபவரின் கடிகாரம் 6-ஆம் கேள்வியின் அதே மைக்ரோநொடிகளைத்தான் காட்டும்.

அளவுகளையும் பாருங்கள். 10 சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் பதினாறு கோடியில் ஒரு பங்கு. பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருக்கும் அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு 2.7 கெல்வின். ஆகவே இன்று அது வெளிவிடுவதைவிட உறிஞ்சுவதே அதிகம். தனித்து விட்டாலும் ஆவியாக 10⁷⁰ ஆண்டுக்கு மேல் ஆகும். 222 மைக்ரோநொடியில் முடியும் ஒரு சரிவில் இது குறுக்கிட வழியே இல்லை.

19. பொருளே இல்லாமல், ஈர்ப்பலைகள் மட்டும் குவிந்து கருந்துளை ஆகுமா?

ஆகும். வெற்று வெளியில், தொடக்கத்தில் சிறைப்பட்ட பரப்பு எதுவும் இல்லாத நிலையிலிருந்து, போதிய வலிமையுள்ள உள்நோக்கிய ஈர்ப்பலைத் துடிப்பு சிறைப்பட்ட பரப்பை உண்டாக்கும் என்று கிறிஸ்டடூலூ 2008இல் கணித முறைப்படி நிறுவினார். அலையின் ஆற்றல் எல்லாத் திசையிலிருந்தும், போதிய அளவு குறுகிய நேரத்துக்குள் வந்துசேர வேண்டும் என்பதே நிபந்தனை. அதன்பின் 15-ஆம் கேள்வியின் தேற்றம் அப்படியே பொருந்தும். அதற்குப் பொருள் தேவைப்படவில்லை, குவியும் ஒளிப்பாதைகள் போதும்.